ஏழு பேர் வண்டி: முந்தைய பதிவின் புதுப்பிப்பு

அப்பா, அம்மா, நாங்கள் இருவர், மூன்று பிள்ளைகள். கோபிசெட்டிபாளையத்திலிருந்து மைசூர் போக டீசல் வண்டி வாங்கலாமா, இல்லை 2025 நவம்பர் 27 அன்று வெளியாகும் என்று அப்போது சொல்லியிருந்த மஹிந்திரா எக்ஸ்இவி 9எஸ் என்ற ஏழு சீட்டு மின்சார வண்டி வரும் வரை பொறுக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பொறுத்திருங்கள் என்றுதான் பலரும் சொன்னீர்கள். பொறுக்கிறேன்.

வரியும் ஒரு காரணம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டீசல் எஸ்யூவிக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், மின்சார வண்டிக்கு 5 தான்.

ஆனால் என் கவலை கடைசி வரிசை. நண்பரின் ஏழு சீட்டு டீசல் வண்டியில் மைசூர் வழியில் பண்ணாரி தாண்டித் திம்பம் மலைப்பாதை ஏறிப் பார்த்தோம். 27 கொண்டை ஊசி வளைவு. பின்னால் உட்கார்ந்த மூத்த மகளுக்குப் பாதி வழியிலேயே தலை சுற்றல். "அப்பா, முன்னாடி வந்துடறேனுங்க" என்று கெஞ்சினாள். மின்சார வண்டியில் தரைக்கு அடியில் பேட்டரி இருப்பதால் தளம் உயர்ந்து, முட்டி இன்னும் மேலே தூக்கலாம். அதனால் ஷோரூமுக்கு வண்டி வந்ததும் ஏழு பேரும் போய் அரை மணி நேரம் உட்காருவோம். அதன் பிறகுதான் முன்பணம்.

அப்புறம் சார்ஜ். மஹிந்திராவின் இன்னொரு மின்சார வண்டியான எக்ஸ்இவி 9இ-யில் பெரிய பேட்டரி 79 கிலோவாட் மணி, 7.2 கிலோவாட் சார்ஜரில் பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிடும். தோட்டத்து பம்புசெட்டின் இலவச மின்சாரத்தைத் தொடக் கூடாதுங்க, அதில் அப்பா கண்டிப்பு. வீட்டு இணைப்பில் லோடு கூட்ட விண்ணப்பிக்கிறேன்.

தாளவாடிப் பக்கம் மின்சார வண்டி ஓட்டுபவர்கள் இருந்தால், திம்பம் ஏற்றத்தில் பேட்டரி சார்ஜ் எத்தனை சதவீதம் குறைகிறது என்று சொல்லுங்கள்.