கஞ்சன்ஜங்கா: யாலுங் பக்கம் கடைசி நாளில் வழி தவறுவது எங்கே?

நெடுவரை கேட்டது:
கஞ்சன்ஜங்காவின் (8586 மீ) ஏறுபாதைகளை வரைபடத்தில் குறித்துக்கொண்டிருக்கிறேன். மலை நேபாள–சிக்கிம் எல்லையில்தான் நிற்கிறது. ஆனாலும் பெரும்பாலானோர் நேபாளத்தின் யாலுங் பனியாறு வழியாகவே போகிறார்கள். ஏன்? உச்சி நாளில் வழி தவறியதாகப் பல குறிப்புகளில் வருகிறதே, அது எந்த இடம்?

பனிமுகடு:
சிக்கிம் மக்களுக்கு அந்த மலை தெய்வம். அந்தப் பக்கமிருந்து ஏற இப்போது அனுமதி கிடையாது. தடை இல்லாத காலத்திலும் அது சுலபமான பாதையாக இருந்ததில்லை. ஜெமு பனியாற்றிலிருந்து எழும் வடகிழக்கு முகட்டில் பால் பாவர் தலைமையிலான ஜெர்மன் குழு 1929லும் 1931லும் முயன்று திரும்பியது. 1977 மே 31 அன்றுதான், கர்னல் நரேந்திர குமாரின் இந்திய ராணுவக் குழுவில் பிரேம் சந்தும் நிமா தோர்ஜேயும் அவ்வழியே உச்சியை எட்டினார்கள். நேபாளத்திலேயே வடக்கு வழி ஒன்று உண்டு. 1979ல் பிரிட்டிஷ் மலையேறிகளான ஸ்காட், போர்ட்மன், டாஸ்கர் மூவரும் ஆக்சிஜன் இல்லாமல் ஏறியது அதில்தான். யாலுங்கை விட அது கடினம்.

கல்லணை_மேகம்:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சுமார் 7300 மீட்டரில் ‘கிரேட் ஷெல்ஃப்’ என்ற அகன்ற பனித்தட்டு இருக்கிறது. அதற்கு மேலே ‘கேங்வே’ என்ற சாய்வான பனிப்பாதை, பிரதான உச்சிக்கும் யாலுங் காங் என்ற மேற்கு உச்சிக்கும் இடையிலுள்ள மேற்கு முகட்டை நோக்கி ஏறுகிறது. அதை விட்டு வலப்பக்கம் பாறைக்குள் திரும்ப வேண்டும். எங்கே திரும்புவது என்பதில்தான் சிக்கல். முன்கூட்டியே திரும்பினால் பாறையில் மாட்டிக்கொண்டு இறங்கி வர வேண்டும். 1955 மே 25ல் முதலில் ஏறிய ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் இப்படித்தான் நேரத்தை இழந்தார்கள். திரும்பாமல் நேரே போனால் உச்சி வலப்பக்கம் தள்ளி நின்றுவிடும். இருட்டில் புறப்படுவதால் இரண்டுமே எளிதில் நடக்கும். பகலிலேயே கீழிருந்து தொலைநோக்கியில் பார்த்து, திருப்பத்துக்கு அடையாளமான பாறையை மனதில் வைத்துக்கொள்வது அவசியம். அங்கே தொங்கும் பழைய கயிற்றை வழிகாட்டியாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

நெடுவரை:
மிக்க நன்றி. சற்று நேரம் வீணாவது அவ்வளவு பெரிய விஷயமா?

பனிமுகடு:
பெரிய விஷயம்தான். எவரெஸ்ட்டின் கடைசி முகாமான தெற்குக் கணவாய் முகாம் சுமார் 7900 மீட்டரில் இருப்பதால் மிச்சம் ஏறுவது ஏறத்தாழ 950 மீட்டர். இங்கே கடைசி முகாம் பெரும்பாலும் 7500 மீட்டரை ஒட்டியே இருக்கும். எனவே ஒரே நாளில் 1000 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், அதோடு பாறையில் நெடுந்தூரம் குறுக்காகவும் நகர வேண்டும். ஆக்சிஜன் கணக்கைப் பாருங்கள்: 4 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தம் என்றால் 1200 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 10 மணி நேரம் வரும். வழி தவறிச் செலவாகும் ஒவ்வொரு மணிக்கும் 120 லிட்டர் போய்விடும், அதுவும் இறங்கும்போது தேவைப்படும் பங்கிலிருந்து. 1955ல் பிரவுனும் பேண்டும் இருந்த சார்லஸ் எவன்ஸ் குழு கேங்வேயில் சுமார் 8200 மீட்டரிலேயே ஆறாவது முகாம் போட்டதன் அருமை இங்கேதான் தெரிகிறது.

கல்லணை_மேகம்:
இன்னொன்று. உச்சிக்குச் சற்றுக் கீழே பிரவுன் ஏறிய பாறைப் பிளவுதான் வழி என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாள் போன அதே குழுவின் ஹார்டியும் ஸ்ட்ரீத்தரும் அதைச் சுற்றிப் பனிச்சரிவிலேயே ஏறினார்கள். வரைபடத்தில் அந்தச் சுற்றுவழியைக் குறியுங்கள்.