வருமானம் கேட்காத தட்டு: காலை உணவும் சத்துணவும் பற்றிய அனுபவப் பகிர்வுகள்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது 1,545 பள்ளிகளில் மட்டுமே நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டபோது நான் பணியில் இருந்தேன். என் பள்ளியில் யார் யார் வெறும் வயிற்றோடு வருகிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும் என்றே எண்ணியிருந்தேன்; அந்த நினைப்பில் தவறும் இல்லை, ஏனெனில் கூலி வேலைக்குச் செல்லும் குடும்பங்களின் பிள்ளைகள்தாம் பெரும்பாலும் அப்படி வந்தார்கள். ஆனால் முதல் வாரத்திலேயே பந்தியில் இடம் பிடித்துக்கொண்டு அமர்ந்தவர்களுள், சொந்தமாக டிராக்டர் வைத்திருக்கும் ஒருவரின் மகளும் இருந்தாள். அவளுடைய தாயார் மில் வேனைப் பிடிக்க விடியுமுன் கிளம்பிவிடுவார். பாட்டிக்குக் கண் பார்வை மங்கிவிட்டதால் அடுப்பருகே போவதில்லை. வீட்டில் அரிசி இருந்தது, பணமும் இருந்தது, காலை எட்டு மணிக்கு உலை வைக்க ஆள்தான் இல்லை.

பசியும் வறுமையும் எப்போதும் ஒரே வீட்டில் குடியிருப்பதில்லை என்பதை அந்தப் பிள்ளையைப் பார்த்த பிறகு நான் பல கூட்டங்களில் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். வருமானச் சான்றிதழை வைத்துப் பட்டியல் தயாரித்திருந்தால் அவள் பெயர் அதில் வந்திருக்காது. எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று அரசாணை சொன்னதால்தான், யாரும் எதையும் விளக்க வேண்டிய தேவை இல்லாமல், அவள் வந்து உட்கார்ந்தாள். மற்றபடி, காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி விழுவதும், இரண்டாம் பாடவேளையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பதும் குறைந்தன என்பதை எந்தத் தலைமையாசிரியரைக் கேட்டாலும் சொல்வார்.

சத்துணவு அமைப்பாளர்

ஐயா கூறியதோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு. எனினும், எல்லாருக்கும் என்பது ஒரு பாதிதான், சத்தானது என்பது மறுபாதி என்பதையும், அந்த மறுபாதி சமையற்கூடத்தில்தான் தீர்மானிக்கப்படுகிறது என்பதையும் சொல்ல விரும்புகிறேன். மத்திய அரசின் விதிப்படி தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு மதிய உணவில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவருக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும். கலோரிக் கணக்கை அரிசியும் எண்ணெயும் ஏறக்குறைய நிறைவு செய்துவிடும். புரதம் அப்படி எளிதில் வந்துவிடாது. சிறு பிள்ளையின் கணக்கில் பாதியளவைத் தனியாகச் சுமப்பது ஒற்றை முட்டைதான்.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது முட்டை இல்லை. 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரங்களுக்கு ஒன்று என வந்து, பிறகு வாரம் ஒன்று, இரண்டு, மூன்று என வளர்ந்து, 2010 முதல் வாரத்தின் ஐந்து பள்ளி நாள்களிலும் வழங்கப்படுகிறது. மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை என்று வகை மாறுவது 2013ஐ ஒட்டிக் கலவைச் சாதங்கள் வந்த பிறகு ஏற்பட்ட மாற்றம். வேக வைத்த முட்டையை உரித்துக் கீறி மசாலாவில் புரட்டும் வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை உத்தரவு போட்டவர்கள் யாராவது ஒரு நாள் எங்களோடு நின்று பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வாழைப்பழம் உண்டு. அவர்களுள் சிலர் பழத்தைப் பக்கத்துத் தட்டில் வைத்துவிட்டு முட்டையை எடுத்துக்கொள்வதை நான் கண்டும் காணாமல் இருந்துவிடுவேன்.

சிக்கல் பெரும்பாலும் காய்கறியில்தான் வருகிறது. அரிசியும் பருப்பும் எண்ணெயும் அரசின் நுகர்பொருள் வாணிபக் கழகத்திலிருந்து வந்துவிடுகின்றன. காய்கறிக்கும் தாளிப்புப் பொருளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கப்படும் தொகையோ சந்தை விலையோடு சேர்ந்து ஏறுவதில்லை. தக்காளி விலை ஏறும் மாதத்தில் புலாவின் நிறமே மாறிவிடும். நான் பள்ளி வளாகத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்துச் சமாளித்தேன். தண்ணீர் வசதி இல்லாத மையத்தில் அதுவும் நடவாது. பணியிடங்கள் காலியாக இருப்பதால் பக்கத்து ஊர் மையத்தையும் கூடுதல் பொறுப்பாகப் பார்க்க நேர்ந்த நாள்களில், பதிவேடுகள் சரியாக இருந்தனவே தவிர உணவின் பக்குவத்தை நான் நேரில் பார்க்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பகிர்வு முழுமையாகாது. எங்கள் மையத்துக்குப் புதிய சமையலர் வந்தபோது, அவருடைய சாதியைக் காரணம் காட்டிச் சில குடும்பத்தினர் பிள்ளைகளைச் சாப்பிட வேண்டாம் என்று தடுத்தனர். வேறொருவரை மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று ஊர்ப் பெரியவர்கள் சிலர் எங்களிடம் இதமாகப் பேசினர். தலைமையாசிரியை அதற்கு இணங்கவில்லை. பரிமாறுவதற்கு முன் ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. அவர் ஒரு கரண்டி ருசி பார்ப்பதோடு நிறுத்தாமல், நாள்தோறும் பிள்ளைகளோடு வரிசையில் அமர்ந்து அந்தச் சமையலரின் கையால் முழுச் சாப்பாடும் வாங்கி உண்டார். அரையாண்டுத் தேர்வுக்குள் தடுத்தவர்களின் பிள்ளைகள் பலரும் தட்டோடு வந்துவிட்டனர். ஒரு குடும்பம் மட்டும் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டது. போனவர்களைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் அதற்காகச் சமையலரை மாற்றியிருந்தால் வருத்தத்தைவிடப் பெரிய அவமானம் எங்கள் எல்லாருக்கும் நேர்ந்திருக்கும்.

வங்கி ஊழியர், அரசுப் பள்ளி மாணவரின் தந்தை

வசதி உள்ளவர்களின் பிள்ளைகளுக்கும் அரசு ஏன் சோறு போட வேண்டும் என்று என்னிடம் நேரடியாகவே கேட்டிருக்கிறார்கள். என் மகன் முதல் சில நாள்கள் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுபோனான். பிறகு, எல்லாரும் பந்தியில் இருக்கும்போது தான் மட்டும் தனியாக உட்கார வேண்டியிருக்கிறது என்று சொல்லி அதை எடுத்துப்போக மறுத்துவிட்டான். காலையில் அவன் கிச்சடியோ பொங்கலோ சாப்பிடுவதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நான் கவனித்தது வேறு. ஒரு பருவத்தில் சாம்பார் தண்ணீராக இருப்பதாக அவன் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தான். காலை உணவில் சாம்பாருக்கு ஒரு பிள்ளைக்கு 15 கிராம் பருப்பு என்று வகுத்திருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதைக் கேட்டேன். அன்றே பருப்பை எல்லார் முன்னிலையிலும் நிறுத்துப் போட்டார்கள். அடுத்த வாரமே சாம்பார் கெட்டிப்பட்டது.

என்னைவிட நெடுங்காலமாக அந்தச் சாம்பாரை அறிந்த தாய்மார்கள் அதே கூட்டத்தில் இருந்தார்கள். இலவசமாகத் தருவதைக் குறை சொல்லலாமா என்ற தயக்கத்தில் அவர்கள் வாய் திறக்கவில்லை. எனக்கு அந்தத் தயக்கம் இல்லை என்பது என் பெருமையன்று, என் சம்பளம் தந்த துணிச்சல். கேள்வி கேட்கக்கூடியவர்களின் பிள்ளைகளும் அதே அண்டாவிலிருந்து உண்டால்தான் அந்த அண்டாவின் தரம் காப்பாற்றப்படும் என்பதே, மேலே சொன்ன கேள்விக்கு நான் தரும் விடை.

லண்டனில் பள்ளி அலுவலகம் ஒன்றில் பணிபுரிந்தவர்

பட்டியல் போட்டுக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நான் மேசைக்கு மறுபக்கம் இருந்து பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தில் 2014 செப்டம்பர் முதல் ஆரம்ப மூன்று வகுப்புகளுக்கு, அதாவது ரிசெப்ஷன் எனும் தொடக்க வகுப்பு முதல் இரண்டாம் வகுப்பு வரை, மட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு இலவசம். அதற்கு மேல் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. நான் பணியில் இருந்த காலத்தில் அரசு உதவித்தொகை பெறும் குடும்பத்தின் ஆண்டுச் சம்பாத்தியம் 7,400 பவுண்டுக்குள் இருந்தாக வேண்டும். துப்புரவு வேலையில் சில மணி நேரம் கூடுதலாகச் செய்து அந்த வரம்பைச் சற்றே தாண்டிவிட்ட ஒரு தாய், மூன்றாம் வகுப்புக்குப் போன மகனுக்குப் பணம் கட்ட முடியாமல் என்னிடம் வந்து நின்றார். இரண்டாம் வகுப்பிலேயே நின்றிருக்கக்கூடாதா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். தகுதி இருந்தும் படிவம் நிரப்ப வெட்கப்பட்டு வராமலே போனவர்களும் உண்டு. 2023 செப்டம்பரில் லண்டன் மேயரின் நிதியால் நகரத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் எல்லா வகுப்புகளுக்கும் உணவு இலவசமானபோது, என் மேசை மேல் குவிந்திருந்த பாக்கித் தொகை நினைவூட்டல் கடிதங்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

லண்டன் அம்மையார் சொன்ன வகுப்பு வரம்பு நம்மிடமும் இருக்கிறது என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. என்னிடம் படித்துச் சென்ற பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளிக்குப் பேருந்தில் போகிறார்கள்; முதல் பேருந்தைப் பிடிக்க ஏழு மணிக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளையின் பசி ஐந்தாம் வகுப்பில் இருந்ததைவிடக் கூடுதலாகவே இருக்கும், குறிப்பாக வயதுக்கு வரும் பருவத்துப் பெண் பிள்ளைகளுக்கு. அமைப்பாளர் அம்மா அவர்கள் தம் மையத்தில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு வருவதுண்டா என்பதையும், அப்படி வந்தால் பதிவேட்டில் அதை எப்படிக் காட்டுகிறார்கள் என்பதையும் எழுதினால் நன்றாக இருக்கும்.

சத்துணவு அமைப்பாளர்

வருவார்கள், ஐயா. பதிவேட்டில் அதற்குப் பத்தி இல்லை. பெயர் கொடுத்தவர்களில் அன்று வராதவர்களின் பங்கிலிருந்து கொடுக்கிறேன். எல்லாரும் வந்துவிட்ட நாளில் சோறு கொஞ்சம் இருக்கும், முட்டை இருக்காது.