புதுப்பிப்பு: 3 செல் லிப்போவுக்கு 50 வாட் சார்ஜர் காணுமோ?

ஆர்சி காருக்கு (ரிமோட்டில ஓடுற கார்) 2 செல் லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரியோ 3 செல்லோ, கையில இருக்கிற 50 வாட் சார்ஜர் காணுமோ எண்டு முந்திக் கேட்டிருந்தனான். 3 செல், 5000 மில்லி அம்பியர் மணிதான் எடுத்தது. அதை 5 அம்பியரில ஏத்தினா முடிவில 12.6 வோல்ட், அதாவது 63 வாட் வேணும். 50 வாட் சார்ஜர் 4 அம்பியரளவில நிண்டிடும். பற்றரிக்கு ஒண்டும் ஆகாது, நேரம்தான் கூட. அவசரமில்லாட்டி புதுச் சார்ஜருக்குக் காசைக் கொட்டாதேங்கோ.

பற்றரி லேபிளில அடிச்சிருக்கிற சி அளவை (எவ்வளவு வேகமா மின்னோட்டம் குடுக்கும் எண்ட அளவு) நான் பெரிசா நம்புறேல்லை. சார்ஜர் காட்டுற உள்மின்தடையைப் பாத்து ஒப்பிடுங்கோ.

முற்றவெளியில ஓட்டின சூட்டோட சார்ஜில போடாதேங்கோ. நாலஞ்சு நாள் ஓட்டாட்டி சார்ஜரின்ர ஸ்ரோரேஜ் மோட்டில (சும்மா வைக்கிறதுக்கான அளவு) செல்லுக்கு 3.8 வோல்ட்டில விடுங்கோ. எங்கட வெக்கையில முழுச் சார்ஜோட கிடந்தா ஊதும். (ஊதினதைக் குத்திப் பாக்கிற அண்ணைமாரே, வேண்டாம், நெருப்புப் பத்தும்.)