முயல் புழுக்கை, மரபணுக் குறிப்பான்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

கொட்டாஞ்சேனை சுபா
புழுக்கையில் ஒட்டியிருக்கும் டி.என்.ஏ.யை வைத்து எது எந்த முயல் என்று பிரிக்கப் பார்க்கிறோம். அதற்கு, ஐரோப்பிய முயலுக்கென உருவாக்கிய மைக்ரோசாட்டலைட் குறிப்பான்களை (டி.என்.ஏ.யில் திரும்பத் திரும்ப வரும், முயலுக்கு முயல் நீளம் மாறும் துண்டுகளைக் காட்டுபவை) நம் காட்டு முயலில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும். சில ஒட்டவே ஒட்டாது. ஒட்டுபவற்றிலும் சில, எல்லா மாதிரிக்கும் ஒரே நீளத்தைக் காட்டும். எது எந்த முயல் என்று பிரிக்க உதவாது.

மன்னாரில் ஒரே குவியலில் எடுத்த இரண்டு புழுக்கைகள். பின்னேரம் கொழும்பு ஆய்வுகூடத்தில் இரண்டின் வரைபுகளும் திரையில் மேலும் கீழுமாக வந்தன. ஒவ்வொரு சிகரமும் ஒரு அலீல், அதாவது தாயிடமோ தந்தையிடமோ வந்த ஒரு நீள வடிவம். மேலே இரண்டு சிகரம், கீழே ஒன்று. ஒரு முயலா, இரண்டா? "ஒரு அலீல் பெருகாமல் விடுபட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு மேற்பார்வையாளர் தேநீர் குடிக்கப் போய்விட்டார். திருப்பி ஓட்ட டி.என்.ஏ. மிச்சமில்லை. இன்னும் உறுத்துகிறது.

தெகிவளை ரமணன்
தங்கச்சி, நம் காட்டு முயல் லெபஸ் பேரினம். அதன் குட்டி உரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். ஐரோப்பிய முயலின் குட்டி உரோமமின்றி, கண் திறக்காமல் வளைக்குள் பிறக்கும். நிறமூர்த்தங்களும் 48, 44 என்று வேறு. பிறகு குறிப்பானைக் குறை சொல்வது எப்படி?

சுபா
அண்ணா, அரிய இனங்களில் வேலை தொடங்குபவர்கள் முதலில் உறவினத்தின் குறிப்பான்களைக் கடன் வாங்கித்தான் பார்க்கிறார்கள். புதிதாகத் தேட யார் காசு தருவது?

வெள்ளவத்தைக் கப்பல்காரன்
ஆய்வெல்லாம் எனக்குத் தெரியாது. ஜப்பானின் அமாமி ஓஷிமாவில், இரவு, மலைவீதி. கரும்பழுப்பு, குட்டைக் காது; பெருச்சாளி என்றே நினைத்தேன். வீதி நடுவே உட்கார்ந்து, வாகன வெளிச்சத்தில் எங்களைப் பார்த்தபடியே புழுக்கை போட்டது! அது எழுந்து போகும்வரை சாரதி ஹோர்ன் அடிக்கவில்லை. அங்கேயும் தொகுனோஷிமாவிலும் மட்டுமே வாழும் முயலாம். பாம்பை ஒழிக்க 1979இல் விட்ட கீரிகள் பாம்பை விட்டு இதைத் தின்றன. கீரி ஒழிந்ததென்று 2024இல்தான் அறிவித்தார்கள். அந்தப் புழுக்கைக்கு இவ்வளவு மதிப்பென்று அன்று யாரும் சொல்லவில்லை.

பம்பலப்பிட்டி மாலா
எனக்கு வந்த புழுக்கைப் பொதியைத் திறந்தேன், பூஞ்சணம் பொங்கியிருந்தது. என் கதை அவ்வளவுதான். ஆனால் சுபா, கேளுங்கள். குடற்கலங்கள் புழுக்கையின் வெளிப்பரப்பில்தான் ஒட்டியிருக்கும். உள்ளே புல்தான், அதன் சாறு டி.என்.ஏ.யைப் பெருக்கும் பி.சி.ஆர். வேலையைக் கெடுக்கும். மழைக்கு முன் எடுங்கள். ஒரு புழுக்கைக்கு ஒரு குழாய். ஈரம் உறிஞ்சச் சிலிக்கா ஜெல், இல்லையென்றால் எதனோல். சிதைந்த டி.என்.ஏ.க்குக் குறுந்துண்டைப் பெருக்கும் குறிப்பான்களே சரி. ஒற்றைச் சிகரத்தைப் பலமுறை ஓட்டாமல் நம்ப வேண்டாம். கப்பல்கார அண்ணா, நீங்களும் கேளுங்கள்: சரணாலயத்துக்குள் அனுமதிக் கடிதம் இல்லாமல் குனியாதீர்கள். புழுக்கை பொறுக்குகிறேன் என்றால் எந்தக் காவலரும் நம்பமாட்டார்.