பி0031 குறியீடு: ஒட்சிசன் சென்சரை மாற்றிய பின்னும் எஞ்சின் விளக்கு அணையவில்லை

வான்காரன் எழுதியது:

உறவுகளுக்கு வணக்கம். எங்கள் வீட்டு வாகனம் 2012 ஆம் ஆண்டு மினிவான். 3.5 லீற்றர் வி6 பெற்றோல் எஞ்சின் குறுக்காகப் பொருத்தப்பட்டிருக்கிறது. இதுவரை 236,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. ஒவ்வொரு பனிக்காலமும் ரொறன்ரோ வீதிகளின் உப்பில் குளித்த வண்டி. மூன்று வாரங்களுக்கு முன் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. குறியீடு படிக்கும் சிறு கருவியை இணைத்தபோது பி0031 என்று வந்தது. பாங்க் 1 (வி6 எஞ்சினின் இரண்டு சிலிண்டர் வரிசைகளில் ஒன்று), சென்சர் 1, ஹீற்றர் சுற்றில் குறை என்பது அதன் பொருள், அதாவது புகைக்குழாயில் உள்ள ஒட்சிசன் சென்சரைச் சூடாக்கும் மின்சுற்றில் குறை என அறிந்தேன். பெற்றோல் செலவு சற்றுக் கூடியிருக்கிறது; ஓட்டத்தில் வேறு குறை எதுவும் தெரியவில்லை.

ஒரு கராஜில் காட்டியபோது, நான்கு சென்சர்களையும் ஒன்றாக மாற்றியே ஆகவேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு வானைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். பொனற்றைத் திறந்தால் ரேடியேற்றர் பக்கத்தில், கண்ணுக்கு நேரே ஒரு சென்சர் தெரிகிறது. முன்னால் இருப்பதால் அதுதான் முதலாவது என்று எண்ணி, புதியது வாங்கி அரை மணி நேரத்தில் மாற்றினேன். குறியீட்டை அழித்த மறுநாள் காலையிலேயே அதே பி0031 திரும்ப வந்துவிட்டது. வாங்கிய புதிய சென்சர் பழுதா, வயரில் குறையா, அல்லது எஞ்சின் கணினியே போய்விட்டதா என்று தெரியாமல் குழம்பியிருக்கிறேன். அடுத்து எதைப் பார்ப்பது?

பழைய கராஜ்காரர் எழுதியது:

தம்பி, நீங்கள் வாங்கிய சென்சரிலும் குறை இருக்காது, கணினியிலும் இருக்காது. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த பாங்க் 2 சென்சரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டியிருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். பாங்க் 1 என்பது முதலாவது சிலிண்டர் இருக்கும் பக்கம். வண்டியின் முன்பக்கம், பின்பக்கம் என்ற கணக்கு அதில் இல்லை. குறுக்காகப் பூட்டிய பல ஜப்பானிய வி6 எஞ்சின்களில் அந்தப் பக்கம் முன்கண்ணாடிக்குக் கீழே, கை நுழையாத இடத்தில் இருக்கும். சென்சர் 1 என்றால் கற்றலிற்றிக் கொன்வேற்றருக்கு (புகையைச் சுத்திகரிக்கும் பாகத்துக்கு) முன்னால் இருப்பது, சென்சர் 2 அதற்குப் பின்னால் இருப்பது.

என் வார்த்தையை அப்படியே நம்பவேண்டாம், செலவில்லாமல் நீங்களே உறுதிசெய்யலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது நீங்கள் மாற்றிய முன்பக்கச் சென்சரின் இணைப்பியைக் கழற்றிவிட்டு, எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டுக் குறியீட்டைப் படியுங்கள். பி0031 உடன் பி0051 என்ற இரண்டாவது குறியீடும் சேர்ந்து வந்தால் முன்பக்கம் பாங்க் 2 என்பது முடிவாகிவிடும், ஏனென்றால் பி0051 என்பது பாங்க் 2 இன் அதே ஹீற்றர் குறை.

குளிர்தேசத்தான் எழுதியது:

என் அனுபவத்தில், மல்ரிமீற்றரைச் சென்சரின் சமிக்ஞை வயரில் வைத்து 0.1 வோல்ற்றுக்கும் 0.9 வோல்ற்றுக்கும் இடையில் மாறி மாறி ஓடுகிறதா என்று பார்த்தாலே போதும். ஓடாவிட்டால் சென்சர் செத்துவிட்டது என்று பொருள். மேலும், வயரை வெட்டி ஒட்டும் பொதுவகைச் சென்சர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. எதற்கு வீண் செலவு?

பழைய கராஜ்காரர் எழுதியது:

நீங்கள் சொல்லும் சோதனை பழைய வகைச் சென்சருக்குச் சரியானது. இந்த வானிலும் கொன்வேற்றருக்குப் பின்னால் இருப்பவை அந்த வகைதான். ஆனால் முன்னால் இருக்கும் இரண்டும் காற்று–எரிபொருள் விகிதத்தை அளக்கும் அகலப்பட்டை வகை. அவற்றின் சமிக்ஞை அப்படி மேலும் கீழுமாகத் துள்ளாது. 0.9 வோல்ற்றைத் தேடிக்கொண்டிருந்தால் நல்ல சென்சரையும் குப்பையில் போட நேரும். அதைவிட முக்கியமாக, இங்கே வந்திருக்கும் குறியீடு ஹீற்றரைப் பற்றியது. சமிக்ஞையை அளந்து அதற்கு விடை காண முடியாது.

வெட்டி ஒட்டும் சென்சரையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். உப்புத் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் அந்த ஒட்டு இரண்டு பனிக்காலம் தாங்கினால் பெரிய விடயம். போதாதற்கு, இத்தகைய சென்சர்கள் பலவற்றுக்கு ஒப்பீட்டுக்கு வேண்டிய வெளிக்காற்று வயரின் உட்புறம் வழியாகவே போகிறது என்பதால், ஈயம் உருக்கி ஒட்டினால் அந்த வழியும் அடைபடும்.

வான்காரன் தம்பி, வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். சாவியைத் திருப்பியதும் ஹீற்றருக்கு பியூஸ் வழியாக 12 வோல்ற் வரும். அதன் மறுமுனையைத் தரையோடு (பற்றரியின் எதிர்முனையோடு) இணைத்தும் துண்டித்தும் கட்டுப்படுத்துவது கணினியின் வேலை. இரண்டு பாங்குகளின் முன்சென்சர்களும் பெரும்பாலும் ஒரே பியூஸில் இருக்கும். அது போயிருந்தால் இரண்டு குறியீடுகளும் சேர்ந்து வந்திருக்கும், உங்களுக்கு ஒன்றுதான் வந்திருக்கிறது. பின்பக்க இணைப்பியைக் கழற்றி, சென்சர் பக்கத்தில் ஹீற்றரின் இரண்டு வயர்களுக்கு இடையே ஓம் அளவைப் பாருங்கள். டென்சோ நிறுவனத்தின் சென்சரில் அவை இரண்டும் கறுப்பு நிறமாக இருக்கும். குளிர்ந்த நிலையில் இந்த வகைக்கு ஏறத்தாழ 2 முதல் 3 ஓம் வரவேண்டும். முடிவிலி காட்டினால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. அளவு சரியாக இருந்தால் மட்டும் வயரிங்கைத் தேடிப் போகலாம்.

வான்காரன் எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னபடியே நடந்தது. முன்பக்க இணைப்பியைக் கழற்றியதும் பி0051 வந்துவிட்டது. வைப்பர் கைகளையும் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள பிளாஸ்ரிக் மூடியையும் அதன் அடியிலிருந்த தகட்டையும் கழற்றிய பிறகே பின்பக்கச் சென்சர் கண்ணில் பட்டது. அளந்தபோது மீற்றர் அசையவே இல்லை, முடிவிலி. வண்டிப் பக்க இணைப்பியில் சாவியைத் திருப்பியதும் 12.3 வோல்ற் இருக்கிறது. ஆனால் சென்சர் இம்மியும் நகர மறுக்கிறது. அதிகம் பலம் கொடுத்தால் மரையே பெயர்ந்து வந்துவிடுமோ என்று அஞ்சி நிறுத்தியிருக்கிறேன்.

கூடவே ஒரு கேள்வி. முன்பக்கத்திலிருந்து கழற்றிய பழையதை அளந்தேன், 2.4 ஓம் காட்டுகிறது. அதையே பின்பக்கத்தில் பூட்டிவிடலாமா?

கறள்சண்டை எழுதியது:

அண்ணா, நிறுத்தியது நல்ல முடிவு. இந்தப் போரில் நான் ஒருமுறை தோற்று மரையை இழந்தவன் என்பதால் சொல்கிறேன். முதலில் கறள் நீக்கும் எண்ணெயை அடிப்பகுதியில் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். குழாய் சூடேறி விரிந்திருக்கும்போது மரையின் பிடி தளரும், ஆனால் கையைச் சுட்டுக்கொள்ளும் அளவுக்குச் சூடாக்கவேண்டாம், தடித்த கையுறையும் அவசியம். ஒருபக்கம் பிளந்திருக்கும் 22 மில்லிமீற்றர் சென்சர் சொக்கற்றில் வயரை வெளியே விட்டுப் பூட்டுங்கள். பழையது எப்படியும் குப்பைக்குத்தான் என்பதால் வயரை வெட்டிவிட்டு மூடிய, ஆழமான சொக்கற்றைப் பயன்படுத்தினால் இன்னும் நல்லது. பிளந்த சொக்கற் பலம் கொடுக்கும்போது விரிந்து அறுகோணத்தை வழுக்கிவிடும். கால் சுற்று அசைந்ததும் ஆசையில் தொடர்ந்து சுற்றாமல், மீண்டும் உள்ளே திருப்பி, எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாகக் கொண்டுவாருங்கள்.

வெளியே வந்த பிறகு எம்18×1.5 மரை துப்புரவு செய்யும் கருவியைக் கையால் ஓட்டுங்கள். புதியதன் மரையில், மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசை ஏற்கெனவே பூசியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சிறிது பூசலாம், ஆனால் நுனியில் துளியும் படக்கூடாது. சிலிக்கோன் கலந்த எதையும் அருகில் கொண்டுவராதீர்கள், அது சென்சருக்கு நஞ்சு. முறுக்கு அளவு சுமார் 40 நியூட்டன் மீற்றர் போதும்.

பழைய கராஜ்காரர் எழுதியது:

பழையதைப் பின்பக்கம் பூட்டும் யோசனைக்கு என் பதில்: வேண்டாம். இரண்டு பக்கங்களுக்கும் பாக இலக்கம் வேறாக இருக்கலாம், வயரின் நீளமும் மாறும். குட்டையான வயரை இழுத்துப் பூட்டினால் சூடான குழாயில் உரசி உருகிவிடும். மேலும், 236,000 கிலோமீற்றர் ஓடிய ஒன்றுக்காக வைப்பர் வரைக்கும் கழற்றும் வேலையை இன்னொரு முறை செய்ய உங்களுக்கு விருப்பமா?

வான்காரன் எழுதியது:

பாக இலக்கத்தைச் சரிபார்த்துப் புதியதே வாங்கினேன். உண்மையிலேயே வயர் நீளம் வேறு. பழையது இரண்டாம் இரவு ஊறிய பிறகு, காலை வெதுவெதுப்பில், உடைந்ததோ என்று நெஞ்சு நின்றுபோகும்படியான ஒரு சத்தத்தோடு இளகியது. கடைசி இரண்டு மரைகள் சற்றுச் சிதைந்திருந்தன, துப்புரவுக் கருவி ஓட்டியதும் புதியது விரலாலேயே உள்ளே போனது. குறியீட்டை அழித்து நான்கு குளிர்காலைகள் ஓட்டிவிட்டேன். விளக்கு வரவில்லை, சென்சர் ஹீற்றர் தற்சோதனையும் முடிந்ததாகக் கருவி காட்டுகிறது. ஒன்ராறியோவில் சாதாரண பயணிகள் வாகனங்களுக்கான புகைச் சோதனையை 2019 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள் என்பதால் யாரும் இதைக் கேட்கப்போவதில்லை, ஆனாலும் பார்த்ததில் ஒரு நிம்மதி. கொன்வேற்றருக்குப் பின்னால் இருக்கும் இரண்டையும் தொடவில்லை. கழற்றிய முன்பக்கச் சென்சரைப் பெட்டியில் போட்டு, ‘பாங்க் 2, நல்லது’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.