வீட்டுப் பெரியவங்க போன்ல ஸ்டெப்ஸ் ஆப்: உங்க அனுபவம் சொல்லுங்க

கும்பகோணத்தான்
எங்கப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். கூட வேலை பாத்த வாத்தியார்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப். தினம் ராத்திரி ஸ்டெப்ஸ் ஸ்கிரீன்ஷாட் போடணும். நேத்து நான் ஆபீஸ்லேர்ந்து வரேன், மனுஷன் ஊஞ்சல்ல ஜம்னு உக்காந்து சீரியல் பாத்துண்டிருக்கார். வலது கையில போன். மணிக்கட்டை மட்டும் ஆட்டிண்டே இருக்கார், கண்ணு டிவியை விட்டு நகரலை. "9,400 ஆச்சுடா, சயின்ஸ் வாத்தியாரைத் தாண்டிட்டேன்"னு என்கிட்டயே சொல்றார். சர்வீஸ் பூரா பிட் அடிச்ச பசங்களைப் பிடிச்சவர் சார் இவர்! கேட்டா, "அவன் மட்டும் நடக்கறான்னா நினைக்கறே?"ங்கறார்.

மதுரை மருமக
உங்கப்பா நடக்காமலே 9,400. எங்க அத்தை நாள் முழுக்க நடந்தும் 312.
சேலையில ஏதுங்க பாக்கெட்? போன் ஃப்ரிட்ஜ் மேலயே கிடக்கும். அவங்க மாடிக்கு ஏறி வத்தல் காயப்போட்டு, கடைக்குப் போயி, கோயிலுக்குப் போயி வந்து போனை எடுத்தா, "இன்று நீங்கள் போதுமான அளவு நடக்கவில்லை"ன்னு வந்து நிக்குது. அன்னைக்கு அவங்க மூஞ்சியைப் பாக்கணுமே! "காலையில இருந்து குத்தவைக்க நேரமில்ல, இது என்னைச் சோம்பேறிங்குது"ன்னு போனைச் சோபாவுல விட்டெறிஞ்சாங்க. வாட்ச் வாங்கித் தரேன்னு அவங்க மகன் சொன்னாரு, வளையலைக் கழட்ட மாட்டேன்னுட்டாங்க. இப்ப இடுப்புல ஒரு சுருக்குப்பை. போனும் வெத்தலையும் ஒண்ணா இருக்கு. எண்ணிக்கை சரியா வருது, ஸ்கிரீன்லதான் சுண்ணாம்பு.

தேக்கா வாசி
சிங்கப்பூரில் இந்தப் பிரச்சினைக்குக் காசு வைத்துவிட்டார்கள். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஹெல்தி 365 செயலி. 2015ல் நடைச் சவால் தொடங்கினார்கள், நடந்தால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் பற்றுச்சீட்டு, அதாவது கடையில் காசுக்குப் பதில் காட்டும் வவுச்சர். டாக்டர் சொல்லி நடக்காத என் அப்பா, ஐந்து சிங்கப்பூர் வெள்ளிக்கு நடக்கிறார். பேரங்காடியில் பணம் கட்டும் இடத்தில் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்தச் சீட்டைப் போனில் தேடோ தேடு என்று தேடுகிறார். பின்னால் வரிசை நீள்கிறது. நான் என் கார்டை நீட்டினால் கையைத் தட்டிவிடுகிறார். "இது நான் காலால் சம்பாதிச்சது, நீ சும்மா இரு." கும்பகோணத்தாரே, உங்கள் அப்பாவைக் கிண்டல் பண்ணாதீர்கள். போட்டி இருந்தால்தான் பெரியவர்கள் எழுந்திருப்பார்கள்.

திருச்சி பாலா
போட்டி, பரிசு எல்லாம் சரி. எங்க வீட்டுல நடந்ததைக் கேளுங்க. அப்பாவுக்கு வாரம் மூணு டயாலிசிஸ். தண்ணி நாளைக்கு ஒரு லிட்டர்தான்னு டாக்டர் கறாரா சொல்லியிருக்காரு. யாரோ நல்ல எண்ணத்துல ஒரு ஹெல்த் ஆப்பை ஏத்தி விட்டுட்டாங்க. மணிக்கொரு தடவை டிரிங்னு அடிக்கும், தண்ணி குடிச்சா ஸ்கிரீன்ல டம்ளர் நிறையும். அப்பா அந்த டம்ளரை நிரப்பிட்டே வந்திருக்காரு, எங்க யாருக்கும் தெரியாது. கால் வீங்கி, ராத்திரி படுக்க முடியாம மூச்சு வாங்கி, அவசரமா தூக்கிட்டு ஓடினோம். மெஷின் போட்டு அவர் உடம்புல இருந்து தண்ணிய இறக்கிட்டு இருக்காங்க, தலைமாட்டுல போன் அடிக்குது: "தண்ணீர் குடிக்கும் நேரம்!" பக்கத்துல சிரிக்கிற நீர்த்துளி படம். நர்ஸ் என்னைப் பாத்தாங்க. நான் போனை அணைச்சேன்.
சிறுநீரகக் கோளாறு இருக்கான்னு அந்த ஆப் ஒரு வார்த்தை கேக்கலைங்க.

நடைப்பிரியன்
என் மாமனாரும் ஆப் வைத்திருக்கிறார், முழங்கால் வலியோடு 10,000 முடித்தே தீருவேன் என்று நிற்பார். அதனால் சொல்கிறேன். அந்த 10,000 டாக்டர் எழுதிய மருந்துச்சீட்டு இல்லை. 1965ல் ஜப்பானில் ஒரு கம்பெனி நடைமானி விற்பதற்காகப் பரப்பிய எண். 2019ல் அமெரிக்காவில், சராசரி வயது 72 உள்ள பெண்கள் கிட்டத்தட்ட 17,000 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு நன்றாகவே குறைவு. 7,500 வாக்கில் அந்தப் பலன் அதற்குமேல் கூடவில்லை. ஆக, ஆப்பின் செட்டிங்கில் போய் இலக்கை முதலில் குறையுங்கள். அடுத்தது சர்க்கரை. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் விடியற்காலையில் வெறும் வயிற்றோடு போட்டிக்கு நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கி விழலாம். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். பிறகு, நடை மட்டும் போதாது. 65 வயதுக்கு மேல் வாரத்தில் மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, கையூன்றாமல் எழுந்து உட்காருவது, இதெல்லாம் ஸ்டெப்ஸ் கணக்கில் பெரிதாக ஏறாது. கேமராவில் விரல் வைத்தால் பிரஷர் காட்டுகிறேன் என்று வரும் ஆப்களை உடனே நீக்குங்கள், கையில் பட்டை கட்டிப் பார்ப்பதுதான் பிரஷர். தேக்கா வாசி சொல்வதை நான் ஏற்கவில்லை. பரிசு நின்றால் நடையும் நின்றுவிடும். இன்னொன்று, செருப்பு...

மதுரை மருமக
சார், கேட்டது அனுபவம். மாமனார் என்ன ஆனார்னு சொல்லவே இல்லையே?

தேக்கா வாசி
பரிசு நின்றால் பார்த்துக்கொள்ளலாம். இப்போது நடக்கிறாரே, அது போதும்.

ஸ்காபரோ பெடிச்சி
அம்மாவுக்கு அண்ணா ஆப்பிள் வாட்ச் வாங்கிக் குடுத்தவன். இருந்தபடியே இருந்தால் மணித்தியாலத்தில 50ஆவது நிமிசம் கையைத் தட்டி எழும்பச் சொல்லும், தெரியும்தானே. அம்மா அதுக்குச் சரியான பயம், சொன்னால் சொன்னதுதான். போன கிழமை ஒரு செத்தவீடு. ஹோல் நிறையச் சனம், ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாட்ச் தட்டினது, அம்மா டக்கெண்டு எழும்பிட்டா. எழும்பினதும் இல்லை, நிண்ட இடத்திலேயே காலை மாத்தி மாத்தி வைக்கிறா. பக்கத்தில இருந்த மாமி, ஏதோ கிரியை துடங்கிட்டுதாக்கும் எண்டு தானும் எழும்பினா. பிறகு அந்த வரிசை முழுக்க, பின் வரிசையும். ஐயர் நிப்பாட்டிப்போட்டுப் பார்க்கிறார். நான் அம்மாவின்ர சீலையைப் பிடிச்சு இழுக்க, அவ குனிஞ்சு சொல்லுறா: "பொறு பிள்ளை, இன்னும் ஒரு நிமிசம் ஆகேல்லை."