1920-களின் கார்களில் ஸ்டியரிங் உதறல்: கிங்பின்னா, முன் ஆக்ஸிலா?

நாலுசக்கரம்:
30 மைல் வேகத்தில் முன்சக்கரம் ஒரு குழியில் இறங்கினால் போதும், ஸ்டியரிங் இடமும் வலமுமாக அடித்துக்கொள்ள ஆரம்பிக்கும். வேகம் நன்றாகக் குறைந்தால்தான் அடங்கும். ஷிம்மி என்று பேர். கேட்டால் எல்லோரும் தேய்ந்த கிங்பின் என்கிறார்கள், அதாவது முன்சக்கரம் இடம் வலமாகத் திரும்ப அச்சாக இருக்கும் முளை. 1920-களின் நடுவில் புத்தம்புது வண்டிகளே உதறின. புது வண்டியில் தேய்மானம் ஏது? இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கும் ஒற்றைத் தண்டான முன் ஆக்ஸில்தான் காரணம் என்பேன்.

பட்டறைக்காரன்:
தியரி பேசலாம் தம்பி. ஃபோர்டின் பழைய மாடல் ஏ கார் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டொக் என்று கேட்கும். அப்புறம் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி ஆட்டுங்கள். சத்தம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். கிங்பின் சுழலும் புஷ்ஷை மாற்றி, இரண்டு சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பும் டை ராட்டின் முனையை இறுக்கி, சக்கரங்களின் முன்பக்கம் சற்று உள்நோக்கி இருக்கும்படி டோ-இன் வைத்துக் கொடுத்தால் உதறல் போகிறது. ஆக்ஸிலையா மாற்றுகிறேன்?

நாலுசக்கரம்:
போகவில்லை அண்ணே, அடங்கியிருக்கிறது. இரண்டு சக்கரமும் ஒரே தண்டில். ஒன்று மேடேறினால் ஆக்ஸில் சாயும், இரண்டும் கூடவே சாயும். சுழலும் சக்கரத்தைச் சாய்த்தால் பம்பரம் மாதிரி வேறு பக்கம் திரும்பப் பார்க்கும், அதாவது கிங்பின்னைச் சுற்றி. அப்படித் திரும்புவது மறுபடி ஆக்ஸிலை ஆட்டும். ஒன்றையொன்று தூண்டிவிட்டுக்கொண்டே இருக்கும்.

ஓரசீட்டு:
1910-லும் அதே ஆக்ஸில்தானே? அப்போது ஏன் இவ்வளவு புகார் இல்லை?

நாலுசக்கரம்:
சரியான கேள்வி. 1923-இல் பலூன் டயர் விற்பனைக்கு வந்தது. முன்பு 60 பவுண்டு காற்று அடித்த இடத்தில் 30 பவுண்டு போதும் என்றானது. அதே சமயத்தில் முன்சக்கரத்திலும் பிரேக் வந்தது. பிரேக் டிரம்மின் எடை முழுவதும் ஆக்ஸிலின் இரு முனைகளில். டயர் மெத்தென்று, முனை கனமாக. ஆக்ஸிலின் இயல்பான ஆட்டம் மெதுவாகி, சாதாரணமாக ஓட்டும் வேகத்துக்குள்ளேயே வந்து விழுந்தது.

பட்டறைக்காரன்:
அப்படியென்றால் குற்றவாளி டயர். ஆக்ஸிலை ஏன் இழுக்கிறீர்கள்?

நாலுசக்கரம்:
1922-இன் இத்தாலியக் கார் லான்சியா லாம்டாவைப் பாருங்கள். முன்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக, சாயாமல் மேலும் கீழும் போகும். தூண்டலுக்கு வழியே இல்லை. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து 1930-இல் ஜெனரல் மோட்டார்ஸின் காடிலாக்குக்குப் போன பொறியாளர் மாரிஸ் ஆலியும் அந்தத் திசையில்தான் உழைத்தார். 1934-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்குத் தனித்தனி முன் சஸ்பென்ஷன் வந்தது. சொகுசு ஒரு காரணம், இந்த உதறல் இன்னொன்று.

பட்டறைக்காரன்:
லாரிக்கு இன்றைக்கும் முன்னால் ஒற்றை ஆக்ஸில்தான். எல்லா லாரியும் உதறிக்கொண்டா ஓடுகிறது?

நாலுசக்கரம்:
லாரி டயரில் 100 பவுண்டு காற்று, பவர் ஸ்டியரிங் வேறு ஆட்டத்தை விழுங்குகிறது. டயரில் காற்றைக் குறைத்து, பேலன்ஸ் கெட்ட சக்கரத்தோடு ஓட்டிப் பாருங்கள், தெரியும்.

பட்டறைக்காரன்:
ஆக, கிங்பின் டைட்டாக இருந்தால் இந்தத் தூண்டல் அவ்வளவு எளிதில் வளராது. ஒத்துக்கொள்கிறீர்களா?

நாலுசக்கரம்:
எளிதில் வளராது, சரி. ஆனால் தொடங்கி வைப்பது அது இல்லை.

ஓரசீட்டு:
என் வண்டிக்கு முதலில் காற்றைப் பார்க்கிறேன். செலவில்லாத வேலை.